குடைக்காரரின் கடைவாய்ப்பல்

அரசாங்கப் பல் மருத்துவமனையின் கடமை வெகுகாலமாகப் பல்லோடு முடிந்துபோயிருந்தது. வலியோடு வருகிறவர் வலியில்லாமல் திரும்பிப் போனால் போதும் என்று அங்கே எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். இது எவ்வளவு குறுகிய எண்ணம் என்பது தலைமைப் பல் மருத்துவர் ஒரு மாநாட்டுக்குப் போய்வந்த பிறகுதான் தெரிந்தது.

மாநாட்டில் அவர் கேட்டது ஒரே ஒரு சொற்பொழிவு. மிச்ச நேரம் முழுக்கச் சாப்பாட்டுக் கூடத்தில் இருந்தார். ஆனால் அந்த ஒன்றில் வந்த 'சிகிச்சைக்குப் பிந்தைய வாழ்க்கைத் தரம்' என்ற சொற்றொடர் அவரை விடவே இல்லை. ஊர் திரும்பியதும் ஊழியர்களைக் கூட்டினார்.

"இத்தனை நாளா நாம பல்லைப் பார்த்தோம். பல்லுக்குப் பின்னாடி ஒரு மனுஷன் இருக்கான். நீ எப்படிப்பா வாழறேன்னு அவனை நாம என்னைக்காவது கேட்டோமா?"

யாரும் கேட்டதில்லை. எல்லோருக்கும் வெட்கமாக இருந்தது. கருவிகளைக் கழுவுகிறவர் மட்டும், "கேட்டாலும் அவங்களால பதில் சொல்ல முடியாது சார். வாய்க்குள்ள நம்ம கை இருக்குமே" என்றார். இது ஒழுங்கீனம் என்று கருதப்பட்டது.

மறுநாளே 'வாழ்க்கைத் தர அலுவலர்' என்ற பதவி உண்டாக்கப்பட்டது. அதற்கு ஓர் இளம் பெண் மருத்துவரை நியமித்தார்கள். பல்லின் வேரிலிருந்து நரம்பை எடுப்பதில் அவரைப்போல் கைதேர்ந்தவர் அங்கே வேறு யாரும் இல்லை. ஆனால் அவருடைய சிகிச்சை நாற்காலி பழுதாகியிருந்தது. அதில் ஏறிய நோயாளி மேலே போவார், இறங்க மாட்டார். நாற்காலி சரியாகும்வரை அவர் மனிதகுலத்தின் வாழ்க்கைத் தரத்தைக் கவனித்துக்கொள்வது என்று முடிவாயிற்று.

அந்த வாரம் ரூட் கெனால் செய்துகொண்டவர்களில் குடைக்காரரும் ஒருவர்.

குடைத் தொழிற்சாலையில் அவருக்குக் குடைகளை விரித்துப் பார்க்கும் வேலை. தைத்து வரும் ஒவ்வொரு குடையையும் விரித்து, தலைக்குமேல் ஒரு சுற்றுச் சுற்றி, கம்பி சரியா, துணி சரியா என்று பார்த்து மடக்கிவைக்க வேண்டும். குடை பேசாது. பகல் முழுவதும் பேச்சுத் துணை இல்லாமல் இருப்பதால், வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்துவிடுவார். படுக்கும்வரை நிறுத்தமாட்டார்.

அவர் மனைவிக்கு ரயில் நிலையத்தில் வேலை, தொலைபேசி விசாரணைப் பிரிவில். எந்த வண்டி எப்போது வரும், ஏன் வரவில்லை என்று ஊரே அவரைக் கேட்கும். அவர் ஊருக்கே பதில் சொல்வார்.

இவர்கள் வீட்டு முன்னறையில் மனைவியின் தம்பி இருந்தார். ரெண்டு நாள் தங்கிவிட்டுப் போகிறேன் என்று ஒரு பெட்டியோடும் ஒரு கிளாரினெட்டோடும் வந்தவர், சில வருடங்களாக இருந்துகொண்டிருந்தார். பகலில் தூங்குவார். சாயங்காலம் குடைக்காரர் வீட்டுக்குள் கால் வைக்கும் நேரத்தில் எழுந்து குழலை ஊதுவார். ஒருநாள் குடைக்காரர் பொறுக்கமாட்டாமல், "மாப்ளே, இது வாசிக்கிறதா, இல்ல உள்ள ஏதாவது அடைச்சிருக்கா?" என்று கேட்டுவிட்டார். தம்பி கோபித்துக்கொள்ளவில்லை. குழலைக் கழற்றி உள்ளே பார்த்தார். மனைவிதான் கோபித்துக்கொண்டார்.

அன்றிலிருந்து கணவரிடம் அவர் பேசியதெல்லாம் அலுவலகக் குரலில்தான். "சாப்பாடு மேஜையில் உள்ளது." "தம்பி குளியலறையில் உள்ளார். சற்றுத் தாமதமாகும்." அதற்குமேல் ஒரு வார்த்தை கிடையாது.

அப்படி இருக்கும்போதுதான் குடைக்காரருக்குக் கடைவாய்ப்பல் வலி வந்தது. கன்னம் பன் ரொட்டி மாதிரி வீங்கியது. வாயைத் திறக்க முடியவில்லை. முதல் நாள் மனைவி பார்த்துவிட்டுப் போய்விட்டார். இரண்டாம் நாள் துணியைச் சுடவைத்து ஒத்தடம் கொடுத்தார். ரொட்டியைப் பாலில் ஊறவைத்து ஸ்பூனால் ஊட்டினார். பக்கத்தில் உட்கார்ந்து, பழைய குரலில், மெதுவாகக் கதை பேசினார். என்றைக்கோ நிறுத்தப்பட்டுவிட்ட ஒரு வண்டி எத்தனை மணிக்கு வரும் என்று தினமும் போனில் கேட்கும் ஒரு மனிதரைப் பற்றிச் சொன்னார். "வராதுன்னு அவருக்கும் தெரியும். இருந்தாலும் தினம் கேக்கறார். நானும் தாமதம்னே சொல்லிடறேன்" என்றார். குடைக்காரரால் "ம்" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. அந்த நாட்களில் அவர் வலியில் துடித்தார். அதே நாட்களில் அவர் மிகவும் சந்தோஷமாகவும் இருந்தார்.

பிறகு மருத்துவமனைக்குப் போனார். பல்லைத் துளைத்து, நரம்பை எடுத்து, குழியை அடைத்து, மேலே ஒரு மூடி போட்டு அனுப்பினார்கள். வலி போன இடம் தெரியவில்லை. வாயும் நன்றாகத் திறந்தது. திறந்த வாயால் அன்று சாயங்காலம் அவர், வலியில் சொல்லாமல் விட்டதையெல்லாம் சேர்த்துவைத்துப் பேசினார். மேற்பார்வையாளரின் முட்டாள்தனம், கறுப்புத் துணியின் விலை, கம்பி சப்ளை செய்கிறவனின் ஏமாற்று வேலை, எதையும் விடவில்லை. காலையில் எழுந்தபோது மனைவி சொன்னார்:

"ரொட்டி தட்டில் உள்ளது."

இந்த நிலைமையில்தான் வாழ்க்கைத் தர அலுவலர் அவரைக் கூப்பிட்டனுப்பினார்.

"உக்காருங்க. இது சாதாரண நாற்காலிதான், பயப்படாதீங்க. ரூட் கெனாலுக்கு அப்புறம் உங்க வாழ்க்கைத் தரம் எப்படி இருக்கு?"

குடைக்காரர் உண்மையைச் சொல்லிப் பழகியவர். ஓட்டைக் குடையை நல்ல குடை என்று சொன்னால் மழை காட்டிக்கொடுத்துவிடும்.

"குறைஞ்சு போச்சு டாக்டர்."

"வலி இருக்கா?"

"இல்ல."

"கடிக்க முடியலையா?"

"நேத்து வறுத்த கடலையே கடிச்சேன்."

"சூடு, குளிர் பட்டா கூசுதா?"

"ஒண்ணுமே இல்ல. அதான் பிரச்சினை. வலி இருந்தப்ப நல்லா இருந்தேன்."

அலுவலர் குறிப்பேட்டை மூடினார். பிறகு எழுந்து தலைமை மருத்துவரிடம் போனார். உடனே எக்ஸ்ரே எடுக்கப்பட்டது. தலைமை மருத்துவர் அதை ஜன்னலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

"பல்லுல ஒரு குறையும் இல்ல. அப்ப குறை எங்க இருக்கு?"

"வாழ்க்கையில சார்" என்றார் அலுவலர்.

"அது எங்க இருக்கு?"

"வீட்டுல சார்."

"அப்ப வீட்டுக்குப் போங்க. வலி ஒரு பல்லுல தெரியும், காரணம் வேற பல்லுல இருக்கும். இது நமக்குப் புதுசா? வேர்வரைக்கும் போறதுதானே நம்ம தொழில்."

அலுவலர் வாய்க் கண்ணாடியும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு சாயங்காலம் குடைக்காரர் வீட்டுக்குப் போனார். மனைவி வேலையிலிருந்து திரும்பியிருக்கவில்லை. பல் மருத்துவத்தில் எந்தப் பல் கெட்டது என்று கண்டுபிடிக்க ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்ப்பார்கள். அலுவலர் கண்ணாடியின் கைப்பிடியால் சமையலறைச் சுவரைத் தட்டினார்.

"இங்க தட்டினா வலிக்குதா?"

"இல்ல."

படுக்கையறைக் கதவைத் தட்டினார்.

"லேசா" என்றார் குடைக்காரர், கொஞ்சம் யோசித்து.

முன்னறைக் கதவைத் தட்டினார். உள்ளேயிருந்து கிளாரினெட் பதில் சொல்லியது. குடைக்காரர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

மேற்கொண்டு சோதனை தேவைப்படவில்லை. முன்னறையில் அழற்சி, நாட்பட்டது, நீக்கியாக வேண்டும் என்று அலுவலர் முடிவு செய்தார். நீக்குவதற்கு மருத்துவமனைக்கு அதிகாரம் உண்டா என்ற சந்தேகம் மட்டும் இருந்தது. தலைமை மருத்துவர் அதையும் தீர்த்துவைத்தார். "நாம செய்யறது வேர்க்குழல் சிகிச்சை. அவர் வச்சிருக்கிறதும் குழல். நம்ம துறைதான்."

மறுநாள் காலை இரண்டு ஊழியர்கள் வந்து, தூங்கிக்கொண்டிருந்த தம்பியைப் பாயோடு தூக்கினார்கள். மனைவி அப்போதும் வேலைக்குப் போயிருந்தார்.

"மாமா, என்ன இது?" என்று தம்பி கேட்டார்.

"லேசா இழுக்கிற மாதிரி இருக்கும், வலிக்காது" என்று அலுவலர் பதில் சொன்னார்.

நீக்கிய பொருளை வீணாக்கக்கூடாது என்பதால், மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்தில் வாசிப்பதற்கு அவரை வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். இதில் ஒரு நன்மையும் கிடைத்தது. அதுவரை துளைக்கும் மெஷினுக்குப் பயந்து கூப்பிட்டாலும் வராத நோயாளிகள், இப்போது கூப்பிடுவதற்கு முன்பே உள்ளே ஓடிவந்தார்கள்.

ஆனால் நரம்பை எடுத்த குழியை அப்படியே திறந்துபோட முடியாது. அது மருத்துவ ஒழுக்கம். நிரந்தரமாக அடைக்கும்வரை தற்காலிகமாக எதையாவது வைத்து அடைக்க வேண்டும். காலியான முன்னறையில் மருத்துவமனை ஊழியர் ஒருவரைத் தற்காலிக அடைப்பாக உட்காரவைத்துவிட்டுப் போனார்கள். நல்ல பருமனான மனிதர். அறைக்குச் சரியாக இருந்தார். தெருக்காரர்கள் அவருக்குத் 'தற்காலிகம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

தற்காலிகத்துக்கு வேறு வேலை இல்லை. முன்னறையில் உட்கார்ந்து யார் வந்தாலும் யார் போனாலும் கருத்துச் சொல்வார். "பால் பொங்குது போலிருக்கே." "இந்தச் சட்டை வேணாம் சார், நேத்துப் போட்டதுதான் நல்லா இருந்தது."

மனைவி அன்று வீடு திரும்பியதும் கேட்டார். "தம்பி எங்க?"

"மருத்துவமனையில."

"என்ன ஆச்சு அவனுக்கு?"

"வேலை கிடைச்சிருக்கு."

"அப்ப இது யாரு?"

"இது அடைப்பு."

மனைவி இருவரையும் பார்த்தார். உள்ளே போய்விட்டார். மறுநாள் காலை ரொட்டி எங்கே உள்ளது என்ற அறிவிப்பும் நின்றுபோயிற்று. குடைக்காரர் தானே தேடிச் சாப்பிட்டார். "மேல் அலமாரியில பாருங்க சார்" என்று தற்காலிகம்தான் சொல்லவேண்டியிருந்தது.

குடைக்காரரின் வாழ்க்கைத் தரம் மேலும் இறங்கியதை மருத்துவமனை கவனிக்க நேரமில்லை. ஏனென்றால் செய்தி ஊரில் பரவியிருந்தது. ரூட் கெனால் செய்துகொண்டால் அரசாங்கமே வந்து மச்சானைத் தூக்கிக்கொண்டு போகிறது என்று பேசிக்கொண்டார்கள். மறு வாரமே மருத்துவமனை வாசலில் வரிசை தெருமுனையைத் தாண்டியது. பாதிப்பேருக்குப் பல் நன்றாக இருந்தது.

"உங்க பல்லுல ஒண்ணும் இல்லையேம்மா" என்றார் அலுவலர் ஒரு பெண்ணிடம்.

"பல்லுல இல்ல டாக்டர். மாமியார்கிட்ட இருக்கு. நீங்க பாட்டுக்கு ஒரு பல்லுல செஞ்சு விடுங்க, எது வேணும்னாலும் எடுத்துக்கங்க. அப்புறம் வீட்டுக்கு வந்து பாருங்க."

அதே வரிசையில், கொஞ்சம் பின்னால், அந்த மாமியாரும் கன்னத்தில் கைவைத்து நின்றுகொண்டிருந்தார். குடைத் தொழிற்சாலை மேற்பார்வையாளரும் வந்திருந்தார். தொழிலாளர்கள் எல்லோரும் தன்னை நீக்கச்சொல்வதற்குள் தொழிலாளர்களை நீக்கிவிடவேண்டும் என்பது அவர் எண்ணம்.

வரிசை நீண்டதால் காத்திருப்பும் நீண்டது. உண்மையிலேயே பல்வலி உள்ளவர்கள் போலிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு, கிளாரினெட்டைக் கேட்டுக்கொண்டு, வாரக்கணக்கில் கிடந்தார்கள். அவர்களில் ஒரு தபால்காரர். வீங்கிய கன்னத்தோடு நெடுநாள் அலைந்து கடைசியில் சிகிச்சை பெற்றவர்.

"உங்க வாழ்க்கைத் தரம் இப்ப எப்படி இருக்கு?" என்று அலுவலர் கேட்டார். கேட்கும்போதே களைத்திருந்தார். அந்த வாரம் இரண்டு ஒன்றுவிட்ட அண்ணன்களையும் ஒரு வீட்டுக்காரரையும் நீக்கியிருந்தார்.

"அமோகம் டாக்டர்."

"வீட்டுல யாரையாவது எடுக்கணுமா?"

"எதுக்கு? கூரை ஒழுகுது, ஒழுகட்டும். பையன் பேசமாட்டேங்கிறான், நிம்மதி. இந்த வலி போச்சே, அது போதும். உங்க பிள்ளைகுட்டியெல்லாம் நல்லா இருக்கணும்."

அலுவலருக்குக் கல்யாணம் ஆகவில்லை. இருந்தாலும் நெகிழ்ந்துபோனார். நீண்ட நாள் காத்திருந்த மற்றவர்களையும் கூப்பிட்டுக் கேட்டார். எல்லோரும் இதையே சொன்னார்கள். எவ்வளவு அதிகமாகத் துடித்தார்களோ, அவ்வளவு அதிகமாக வாழ்த்தினார்கள்.

தலைமை மருத்துவர் இதைக் கேட்டு நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். "நாம தலைகீழா வேலை செஞ்சிருக்கோம். சிகிச்சைக்கு அப்புறம் இருக்கிற வாழ்க்கையை ஏத்தணும்னு ஊரெல்லாம் அலைஞ்சோம். அதுக்குச் செலவு, ஆள், வண்டி. சிகிச்சைக்கு முன்னாடி இருக்கிற வாழ்க்கையை இறக்கிட்டா போதுமே. அதுக்கு ஒரு பைசா ஆகாது. நாம ஒண்ணும் செய்யாம இருந்தா போதும்."

அப்படித்தான் 'பக்குவக் காலம்' நடைமுறைக்கு வந்தது. பல்வலியோடு வருகிறவருக்கு உடனே சிகிச்சை கிடையாது. அவர் பக்குவப்படும்வரை காத்திருக்க வேண்டும். பக்குவத்தைக் கெடுக்கும் செயல்கள் தடைசெய்யப்பட்டன. ஒத்தடம் கூடாது. கிராம்பு கூடாது. குடும்பத்தார் ஆறுதல் வார்த்தை சொல்லக்கூடாது. ஆறுதலானது நோயாளியின் முன்தரத்தை முறைகேடாக உயர்த்தி, அதன்மூலம் பின்தரத்தின் பெருமையைக் குறைக்கிறது என்று தலைமை மருத்துவர் விளக்கினார். பக்குவத்துக்கு உதவுகிறவர் என்று கண்டு கிளாரினெட் மச்சினருக்குப் பணி நிரந்தரம் ஆயிற்று.

போலி நோயாளிகள் ஒரே நாளில் மறைந்துபோனார்கள். மாமியாரும் மருமகளும் சேர்ந்தே வீடு திரும்பினார்கள் என்று கேள்வி.

இந்த நேரம் பார்த்துக் குடைக்காரருக்கு இன்னொரு பக்கக் கடைவாய்ப்பல் வலிக்க ஆரம்பித்தது.

உண்மையைச் சொன்னால், முதல் குத்து வந்தபோது அவர் வலியில் முகம் சுளித்தாலும் உள்ளுக்குள் ஏதோ விளக்கேற்றினாற்போல் இருந்தது. தொழிற்சாலையிலிருந்து நேராக மருத்துவமனைக்குப் போய்ச் சொன்னார். பக்குவக் காலம் விதித்தார்கள். வீட்டுக்கு வந்தார். மனைவி வீங்கிய கன்னத்தைப் பார்த்தார். சமையலறைக்குள் போனார். அங்கே அடுப்பு பற்றவைக்கும் சத்தம் கேட்டது.

முன்னறையிலிருந்து தற்காலிகம் குரல் கொடுத்தார். அவருக்குப் புது உத்தரவு வந்திருந்தது. "அம்மா, அடுப்புல என்ன?"

"தண்ணி."

"குடிக்கவா, ஒத்தடத்துக்கா? ஒத்தடம் கூடாதும்மா. எனக்கு மெமோ குடுத்துடுவாங்க."

"குடிக்க" என்றார் மனைவி.

பிறகு சமையலறை வாசலில் வந்து நின்று கணவரைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். குடைக்காரர் பூனை மாதிரி உள்ளே போனார். மனைவி கதவை ஒருக்களித்துச் சாத்தினார். சுடுதுணியைக் கன்னத்தில் வைத்தார். தரையில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"சத்தம் போடாதீங்க" என்று காதுக்குள் சொன்னார். அலுவலகக் குரல் இல்லை, பழைய குரல். "அந்த ஆளுக்குப் பாம்புக் காது."

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் சமையலறையில் இப்படி நடந்தது. ஒரு கையால் பாத்திரத்தை உருட்டிச் சத்தம் பண்ணிக்கொண்டே, மறு கையால் ஒத்தடம் கொடுத்து, மனைவி கிசுகிசுப்பாகப் பேசினார். புது ஸ்டேஷன் மாஸ்டரின் மூக்குக்கண்ணாடி, போனில் அழுத ஒரு பெண், தம்பி இப்போது சம்பளம் வாங்குவதில் தனக்குள்ள ரகசிய சந்தோஷம், எல்லாம். திருட்டுத்தனமாகப் பேசவேண்டியிருந்ததால் இருவருக்கும் கல்யாணமான புதிதில் இருந்ததுபோல் இருந்தது.

ஒருமுறை அலுவலர் திடீர்ச் சோதனைக்கு வந்தார். சமையலறை வாசலில் மனைவி குறுக்கே நின்றார். ஒரு கை முதுகுக்குப் பின்னால் இருந்தது. அதிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது.

"இங்க ஆறுதல் ஏதாவது நடக்குதா?" என்று அலுவலர் கேட்டார்.

"அந்தச் சேவை தற்போது ரத்து செய்யப்பட்டுள்ளது" என்றார் மனைவி.

அலுவலர் ஆவியைப் பார்த்தார். சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்த குடைக்காரரின் முகத்தையும் பார்த்தார். அவ்வளவு வீங்கிய, அவ்வளவு நிறைவான முகத்தை அவர் தன் பணியில் கண்டதில்லை. "சரி" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

பக்குவக் காலம் முடிந்து சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். அதற்கு முந்தின சாயங்காலம் குடைக்காரர், வலியைப் பொறுத்துக்கொண்டு, பேச முயன்றார்.

"நான் போகல" என்றார்.

"எங்க?"

"பல்லு பிடுங்க... ரூட் கெனாலுக்கு. வலிச்சாத்தானே நீ பேசறே. சரியாயிட்டா மறுபடியும் ரொட்டி தட்டில் உள்ளதுன்னு சொல்லுவே."

மனைவி பாத்திரம் உருட்டுவதை நிறுத்தினார்.

"வலிக்குதேன்னு நான் பேசலைங்க" என்றார். "வலிக்கும்போதுதான் நீங்க பேசமாட்டேங்கிறீங்க. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல நான் ஒரு விஷயத்தை ஆரம்பிச்சு முடிச்சது உங்களுக்குப் பல்வலி வந்த ரெண்டு தடவைதான்."

குடைக்காரர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். நல்லவேளையாக வலித்தது. மூடிக்கொண்டார்.

"அன்னைக்குத் தம்பி விஷயத்துல கோபம் வந்துச்சு, உண்மைதான். மறுநாளே போயிடுச்சு. அதைச் சொல்லலாம்னு பார்த்தா நீங்க கறுப்புத் துணி விலையைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தீங்க."

"அங்க என்ன சத்தம்?" என்று தற்காலிகம் கேட்டார்.

"பாத்திரம் கழுவறோம்" என்றார்கள் இருவரும்.

மறுநாள் சிகிச்சை நடந்தது. வலி போயிற்று. அன்று சாயங்காலம் குடைக்காரர் செருப்பைக் கழற்றியபடி, மேற்பார்வையாளரைப் பற்றி ஆரம்பித்தார். மனைவி முகத்தைப் பார்த்ததும் நிறுத்தி, வலி போன கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "ம்" என்றார். மனைவி பேசினார்.

வழக்கம்போல வாழ்க்கைத் தர அலுவலர் கூப்பிட்டனுப்பினார்.

"எப்படி இருக்கு உங்க வாழ்க்கைத் தரம்?"

"சொர்க்கம் டாக்டர்."

அலுவலர் அவரை உற்றுப் பார்த்தார். "பக்குவக் காலத்துல ரொம்பத் துடிச்சீங்களா?"

"ஐயோ, அதை ஏன் கேக்கறீங்க. நரகம்."

"உண்மையாவா?"

"உண்மையைச் சொன்னா வீட்டுக்கு வருவீங்களா?"

"வந்துதான் ஆகணும்."

"அப்ப நரகம்" என்றார் குடைக்காரர்.

சிகிச்சைக்குப் பின் குறைந்த வாழ்க்கைத் தரத்தை அறிவித்த முதல் நோயாளியே இப்படித் திருந்தியது தலைமை மருத்துவரை மிகவும் மகிழ்வித்தது. முன்னறையின் தற்காலிக அடைப்பை எடுத்துவிட உத்தரவிட்டார். தற்காலிகம் கண்கலங்கி விடைபெற்றார். போகும்போது, "அந்த நீலச் சட்டைதான் உங்களுக்கு எடுப்பு சார்" என்றார். பிறகு நகரத்துப் பெரிய மண்டபத்தில் ஒரு சாயங்காலம் பாராட்டு விழா ஏற்பாடாயிற்று. தண்ணீர் வழங்கும் துறை, சாலைத் துறை, மின்சாரத் துறை எல்லாவற்றுக்கும் அழைப்பு போயிற்று. நம்மிடமிருந்து அவர்களும் கற்றுக்கொள்ளட்டும் என்பது தலைமை மருத்துவரின் பெருந்தன்மை.

மண்டபம் நிறைந்திருந்தது. வலி தீர்ந்தவர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். குடைக்காரர் நீலச் சட்டையில், மனைவியோடு நடுவில் உட்கார்ந்திருந்தார். மச்சினர் வரவேற்புக் கீதம் வாசித்தார். அது முடிந்ததில் எல்லோருக்கும் உண்டான மகிழ்ச்சியையே தலைமை மருத்துவர் தன் கொள்கைக்கு முதல் உதாரணமாக எடுத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். முன்தரம், பின்தரம், பக்குவக் காலம் என்று விளக்கினார். மக்களுக்கு எதையும் கொடுக்கத் தேவையில்லை, இருப்பதைக் கொஞ்சநாள் எடுத்துவைத்திருந்து திருப்பிக் கொடுத்தால் போதும், இது உலகத்துக்கே புதிய கண்டுபிடிப்பு என்று முடித்தார். முன்வரிசை அதிகாரிகள் குறிப்பெடுப்பார்கள் என்று எதிர்பார்த்தார்.

யாரும் குறிப்பெடுக்கவில்லை. தண்ணீர்த் துறைத் தலைவர் பக்கத்திலிருந்த சாலைத் துறைத் தலைவரைப் பார்த்துச் சிரித்தார். பிறகு எழுந்து மிகவும் மரியாதையாகக் கேட்டார்:

"டாக்டர், தப்பா நினைக்காதீங்க. இதை நீங்க இப்பதான் கண்டுபிடிச்சீங்களா?"

தலைமை மருத்துவருக்குப் புரியவில்லை. "அப்ப உங்க துறையில..."

"நான் வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடியிருந்தே நடக்குதுங்க. பேர்தான் வைக்கல. பக்குவக் காலம், நல்ல பேரு. எடுத்துக்கறோம்."

மண்டபத்தில் சலசலப்பு எழுந்தது. பின்வரிசையில் தபால்காரர் எழுந்து நின்று, "அப்ப எங்களை வேணும்னேதான்..." என்று ஆரம்பித்தார். கூட்டத்தில் இன்னும் சிலர் எழுந்தார்கள். குடைக்காரர்கூடக் கன்னத்திலிருந்து கையை எடுத்துவிட்டு, இந்த ஒரு தடவை பேசியே தீருவது என்று எழுந்தார்.

அந்த நேரத்தில் மின்சாரம் போயிற்று.

விளக்குகள் அணைந்தன. மின்விசிறிகள் நின்றன. எழுந்தவர்களுக்கு உட்காரும் இடம் தெரியவில்லை. புழுக்கம் ஏறியது. யாரோ யாருடைய காலையோ மிதித்தார்கள். குழந்தைகள் அழுதன. கேட்க வந்த கேள்வியை எல்லோரும் மறந்து, கையில் கிடைத்ததை எடுத்து விசிறிக்கொண்டு, கறுத்த மேற்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் மின்சாரத் துறைத் தலைவர் மட்டும் அமைதியாக உட்கார்ந்திருந்தார்.

வெகுநேரம் கழித்து விளக்குகள் எரிந்தன. விசிறிகள் சுழன்றன. தலைக்குமேல் காற்று வந்தது.

"ஆ..." என்று மண்டபமே ஒரே குரலில் சொல்லியது. தபால்காரர் கைதட்டினார். குடைக்காரர் தட்டினார், அவர் மனைவி தட்டினார், அலுவலரும் தலைமை மருத்துவரும் தட்டினார்கள்.

மின்சாரத் துறைத் தலைவர் மெதுவாக எழுந்து, கூட்டத்தின் பக்கம் திரும்பி, கைகூப்பி அதை ஏற்றுக்கொண்டார்.